ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது: மியூனிக்கில் சனி, ஞாயிறை ஓட்டும் வழி

நாங்கள் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வந்து இறங்கியது 2018 அக்டோபரில், ஒரு சனிக்கிழமை ராத்திரி. மறுநாள் விடிந்ததும் பால் வாங்க இவர் பையைத் தூக்கிக்கொண்டு போனார். முக்கால் மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்து, “ஊர்ல என்னமோ பந்த் போலருக்கு, ஒரு கடைகூடத் திறக்கல” என்றார். அன்றைக்குப் பாளையங்கோட்டையில் இருந்து கட்டிக்கொண்டு வந்த முறுக்கும், குழாய்த் தண்ணீரில் போட்ட கடுங்காப்பியும்தான் மூன்று வேளைக்கும்.

பந்த் எல்லாம் ஒன்றுமில்லை, வாரா வாரம் அப்படித்தான். ஞாயிறு ஓய்வு நாள் என்பதை இந்த நாட்டு அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 1919-இல் எழுதிய வரியை 1949-இல் அப்படியே எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். அதிலும் மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலம் ரொம்பக் கண்டிப்பு. திங்கள் முதல் சனி வரை காலை 6 மணிக்கு மேல் ராத்திரி 8 மணிக்குள்தான் கடை.

புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது “வீக்கெண்டில் எங்கே போகலாம்?” என்றுதான். எங்கே போவது என்பது அப்புறம். இங்கே சனியும் ஞாயிறும் ஒரே மாதிரியான இரண்டு விடுமுறை நாள் இல்லை. சனி வீட்டு வேலைக்கு, ஞாயிறு வெளியே கிளம்ப. சனிக்கிழமை ஊர் சுற்றிவிட்டு ஞாயிறு வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நம் ஊர்க் கணக்கில் இருந்தால், வீட்டில் பாலும் இருக்காது, நிம்மதியும் இருக்காது.

சனிக்கிழமை

கடைக்குப் போவதானால் மதியத்துக்குள் போய்விடுங்கள். சாயங்காலம் 5 மணிக்கு மேல் போனால் ஊரே அங்கே வரிசையில் நிற்கும். கேஷ் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் அம்மா சாமானைத் தள்ளிவிடும் வேகத்துக்கு நம்மால் பையில் போட முடியாது. பதறவேண்டாம். எல்லாவற்றையும் தள்ளுவண்டியிலேயே திருப்பிப் போட்டுக்கொண்டு, காசு கொடுத்துவிட்டு, ஜன்னல் ஓரம் இருக்கும் மேடையில் வைத்து நிதானமாக அடுக்குங்கள். இது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

போகும்போது காலி பாட்டில்களை எடுத்துப் போங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில், டப்பாவுக்கு 25 சென்ட், பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் என்று வாங்கும்போதே முன்பணம் பிடித்திருப்பார்கள். இதற்கு ஃபாண்ட் என்று பெயர். கடைக்குள் இருக்கும் மெஷினில் போட்டால் சீட்டு வரும், அதைக் கவுண்டரில் கொடுத்தால் கழித்துக்கொள்வார்கள். பாட்டிலை நசுக்கிவிட்டால் மெஷின் வாங்காது. ஊறுகாய் பாட்டில், ஜாம் பாட்டிலுக்கெல்லாம் இது கிடையாது. அவற்றைத் தெருமுனைக் கண்ணாடித் தொட்டியில் வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறம் பார்த்துப் போடவேண்டும். அதையும் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொட்டியில் பாட்டில் போட்டு உடைக்கிற சத்தம் கேட்டால் யாராவது பால்கனியில் வந்து நின்று உங்களையே பார்ப்பார்கள். பேசமாட்டார்கள். பார்ப்பார்கள்.

சாதாரண வாரம் பரவாயில்லை. ஈஸ்டர்தான் ஆளைக் கவிழ்க்கும். வெள்ளி அடைப்பு, சனி திறப்பு, ஞாயிறு அடைப்பு, திங்களும் அடைப்பு. வியாழக்கிழமையே அரிசி, பருப்பு, பால் எல்லாம் நான்கு நாளைக்குக் கணக்குப் போட்டு வாங்கிவிடுங்கள். கைதவறிப்போனால் இரண்டு வழி உண்டு. பேக்கரிகள் பல ஞாயிறு காலையில் சில மணி நேரம் திறந்திருக்கும், ரொட்டியும் காப்பியும் கிடைக்கும். பெரிய ரயில் நிலையமான ஹாப்ட்பான்ஹோஃபிலும் கிழக்கே இருக்கும் ஓஸ்ட்பான்ஹோஃபிலும் உள்ளே கடை இருக்கும். ஆனால் மறந்துபோனவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருப்பார்கள்.

நம்ம ஊர்ச் சாமானுக்கு ஈழத்து அண்ணன் ஒருவர் கடைக்குப் போகிறேன். முதல் தடவை போனபோது கறிவேப்பிலை கேட்டேன். “அது வெள்ளிதான் வரும் தங்கச்சி, சனி காலமை வாங்கோ, பின்னேரம் வந்தால் இராது” என்றார். அவர் சொன்னது சத்தியம். பச்சை மிளகாய், முருங்கைக்காய், வாழையிலை எல்லாம் சனி காலையில் இருப்பது மதியம் இருக்காது. வாங்கிய கறிவேப்பிலையைக் கழுவித் துடைத்து ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள், ஒரு மாதம் ஓடும்.

அப்புறம் மிக்ஸி. ஊரில் இருந்து மிக்ஸி, கிரைண்டர் கொண்டுவரலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாராளமாக. இங்கேயும் 230 வோல்ட்டுதான், பிளக் மட்டும் பொருந்தாது, அடாப்டர் வேண்டும். ஆனால் எப்போது ஓட்டுவது என்பதில்தான் விஷயம். நாங்கள் மியூனிக்கின் பாசிங் பகுதியில் குடிவந்த மூன்றாவது ஞாயிறு, காலை எட்டரைக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்தேன். ஒரு சுற்று, இரண்டாவது சுற்று, கதவு தட்டும் சத்தம். கீழ் வீட்டுப் பாட்டி. கோபமாகக்கூட இல்லை, கவலையாக இருந்தது முகம். “இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. துளை போடுகிறீர்களா?” என்று கேட்டார். சுவரில் டிரில் போடுகிறோம் என்று நினைத்துவிட்டார். உள்ளே கூப்பிட்டு ஜாரைத் திறந்து காட்டினேன். மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார், ஆனாலும் போகும்போது, “சனிக்கிழமை அரைத்து வைக்கலாமே” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அன்றில் இருந்து சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் மாவும் சட்னியும் ஆகிவிடும். துளை போடுவது, புல் வெட்டுவது, சுத்தியல் வேலை எல்லாம் ஞாயிறு கூடவே கூடாது. வாஷிங் மெஷினுக்கு உங்கள் கட்டடத்து விதி என்ன என்று வாடகை ஒப்பந்தத்தோடு வரும் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். மாவு புளிப்பதற்கு: குளிர்காலத்தில் அடுப்பின் ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டு விடுங்கள், ஓவனை ஓட விடாதீர்கள். கீழே ஒரு தட்டு வையுங்கள். ஏன் என்று ஒருநாள் தெரியும்.

டிக்கெட்

வெளியே கிளம்ப இரண்டே டிக்கெட் தெரிந்தால் போதும். ஒன்று டாய்ச்லாண்ட் டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025-இல் 58 ஆனது, 2026-இல் 63. மாதாமாதம் தானாகப் பிடித்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாதக் கடைசியோடு நிற்கும். நாடு முழுக்க டவுன் பஸ், டிராம், மெட்ரோ, எஸ்-பான் என்ற புறநகர் ரயில், வட்டார ரயில் எல்லாவற்றிலும் போகலாம். ஐசிஇ, ஐசி, இசி என்று எழுதிய வேக வண்டியில் மட்டும் ஏறக்கூடாது. ஒரே ஊருக்கு இரண்டு விதமும் போகும், ஒரே பிளாட்பாரத்தில்கூட நிற்கும். எழுத்தைப் பார்த்து ஏறுங்கள்.

இன்னொன்று பயர்ன் டிக்கெட். ஊரில் இருந்து அப்பா, அம்மா வந்திருக்கும்போது இதுதான். ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் பவேரியா முழுக்க ஒருநாள் சுற்றலாம். சாதாரண நாளில் காலை 9 மணிக்கு மேல், சனி, ஞாயிறு, பண்டிகை நாளில் நள்ளிரவு 12-இல் இருந்தே, மறுநாள் விடியற்காலை 3 வரை செல்லும். பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விடாதீர்கள். ஆறு வயதுக்குக் கீழ் குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். எல்லை தாண்டி ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் வரை இந்த இரண்டு டிக்கெட்டும் போகும். அங்கே போனால் பாஸ்போர்ட்டும் இந்த ஊர் விசா அட்டையும் கையில் இருக்கட்டும். 2015-இல் ஆரம்பித்த எல்லைச் சோதனை இன்னும் இருக்கிறது, திரும்பும்போது வண்டிக்குள் போலீஸ் ஏறிக் கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒருமுறை போனில் வண்டி நேரத்தைப் பாருங்கள். தண்டவாள வேலையை வார இறுதியில்தான் வைத்துக்கொள்வார்கள். பாதி வழியில் இறக்கிப் பஸ்ஸில் ஏற்றுவார்கள். தள்ளுவண்டியும் குழந்தையும் சாப்பாட்டுப் பையும் வைத்துக்கொண்டு அந்தப் பஸ்ஸைத் தேடுவது பெரும்பாடு.

முதல் கோடையில் டேகர்ன்சே ஏரிக்குப் போவோம் என்று கிளம்பினோம். மியூனிக்கில் இருந்து ஒரு மணி நேரம்தான். வண்டி வந்தது, முகப்பில் டேகர்ன்சே என்றும் போட்டிருந்தது, உட்கார்ந்தோம். இட்லியைப் பிரித்தோம். மகள் தூங்கினாள். வழியில் எங்கேயோ நின்றது, ஏதோ அறிவித்தார்கள், கிளம்பியது. ஏரி வரவேயில்லை. ஆறு வந்தது, மலை வந்தது, கடைசியில் லெங்ரீஸ் என்று ஒரு ஊர் வந்து வண்டி நின்றுவிட்டது. அங்கேயே கடைசி.

பிறகுதான் விளங்கியது. அந்த வண்டி மூன்று துண்டு. ஹோல்ஸ்கிர்ஷென் என்ற ஊரில் ஒரு துண்டு கழன்று பயரிஷ்செல்லுக்குப் போகும். ஷாஃப்ட்லாஹ் என்ற ஊரில் மிச்சம் இரண்டாகி ஒன்று லெங்ரீஸுக்கும் இன்னொன்று டேகர்ன்சேவுக்கும் போகும். ஒரு துண்டில் இருந்து இன்னொரு துண்டுக்கு உள்ளே நடந்து போகவும் முடியாது. வண்டி முகப்பைப் பார்க்காதீர்கள், நீங்கள் ஏறும் பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் என்ன ஊர் என்று பாருங்கள். அறிவிப்பில் “ஃபோர்டரர்” என்றால் முன்பகுதி, “ஹின்டரர்” என்றால் பின்பகுதி. ஜெர்மன் வராவிட்டாலும் இந்த இரண்டு சொல்லையாவது மனப்பாடம் செய்யுங்கள். சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் ஊர்ப் பெயரை மட்டும் கேள்விக்குறியோடு சொன்னால் போதும், கை காட்டுவார்கள். அன்றைக்கு லெங்ரீஸில் ஈஸார் ஆற்றங்கரையில் உட்கார்ந்து மிச்ச இட்லியைச் சாப்பிட்டோம். நல்ல இடம்தான், தண்ணீர் தாமிரபரணி மாதிரி தெளிவு, ஆனால் கால் வைத்தால் ஐஸ்.

எங்கே போகலாம்

முதல் தடவைக்கு ஹெர்ஷிங். எஸ்8 வண்டியின் கடைசி நிறுத்தம், தூங்கினாலும் தவறாது. இறங்கி ஐந்து நிமிடத்தில் அம்மர்சே ஏரி. நடக்கத் தெம்பு இருந்தால் கீன்டால் என்ற காட்டுப் பள்ளம் வழியாக ஆண்டெக்ஸ் மடத்துக்கு ஏறலாம், மெதுவாகப் போனால் ஒன்றரை மணி நேரம். மலை பார்க்கவேண்டும் என்றால் கார்மிஷ். ஜெர்மனியின் உயரமான சிகரம் ட்சுக்ஸ்பிட்ஸ, 2962 மீட்டர், அங்கேதான். மேலே போகும் கேபிள் கார் டிக்கெட் தனி, விலையும் அதிகம். மேகம் மூடியிருந்தால் காசு கொடுத்து வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான், மேலே இருக்கும் கேமராவை இணையத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வந்தவர்கள் எல்லோரும் நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை கேட்பார்கள். நான் ஆறு தடவை போயாகிவிட்டது. உள்ளே அரை மணி நேரச் சுற்றுதான், டிக்கெட்டும் முன்கூட்டியே எடுக்கவேண்டும். 1869-இல் கட்ட ஆரம்பித்து, 1886-இல் அதைக் கட்டிய ராஜா இறந்தபோதும் முடியாத வீடு அது, அறைகள் பல காலி. என்னைக் கேட்டால் பின்னால் இருக்கும் மரீயன்பாலத்தில் நின்று வெளியே இருந்து பார்ப்பதுதான் அழகு. அதற்குக் காசும் இல்லை.

மலை நடைபாதைகளில் மஞ்சள் பலகை இருக்கும். அதில் தூரத்தைவிட நேரத்தைத்தான் போட்டிருப்பார்கள். அது மலையில் பிறந்து வளர்ந்தவர்களின் நேரம். ஒரு மணி என்றால் நமக்கு ஒன்றரை, குழந்தையோடு இரண்டு. எதிரே வருகிறவர்களுக்கு “க்ரூஸ் கோட்” என்று இந்த ஊர் வணக்கம் சொல்லுங்கள். ஊருக்குள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் அதே ஆட்கள் மலைப்பாதையில் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார்கள், எனக்கு இன்னும் ஆச்சரியம். கையில் ரொக்கம் இருக்கட்டும், மலைக் குடில்களில் கார்டு எடுக்காத இடம் உண்டு, கழிவறைக்குச் சில்லறையும் வேண்டும். கோடையில் மத்தியானத்துக்கு மேல் இடி மழை திடீரென்று வரும். சீக்கிரம் ஏறி, இரண்டு மணிக்கெல்லாம் இறங்குமுகமாக இருங்கள்.

புளியோதரையும் பீர் தோட்டமும்

மலையெல்லாம் வேண்டாம், ஊருக்குள்ளேயே இருக்கலாம் என்ற ஞாயிறுக்கு ஒரு வழி சொல்கிறேன். பலருக்கு இது தெரியாது. பியர்கார்ட்டன் என்றால் குடிக்கிற இடம், நமக்கெதற்கு என்று நாங்களும் இரண்டு வருடம் ஒதுங்கியே போனோம். பவேரியாவில் பழைய முறைப்படி நடக்கும் பியர்கார்ட்டனுக்கு உங்கள் சாப்பாட்டை நீங்களே கட்டிக்கொண்டு போகலாம். 1812-இல் பீர் காய்ச்சுகிறவர்கள் தங்கள் நிலவறைத் தோட்டத்தில் பீர் விற்க அப்போதைய பவேரியா ராஜா அனுமதி கொடுத்தார், ஆனால் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் பிழைப்பு கெடக்கூடாது என்று அங்கே சாப்பாடு விற்கக்கூடாது என்றார். அதனால் ஜனங்கள் வீட்டில் இருந்து கொண்டுபோய்ச் சாப்பிட்டார்கள். அந்த உரிமை இன்றும் இருக்கிறது.

எஸ்-பானில் ஹிர்ஷ்கார்ட்டன் நிறுத்தத்தில் இறங்கி நடந்தால் அதே பெயரில் பெரிய தோட்டம். ஏறக்குறைய 8000 பேர் உட்காரலாம், ஓரத்தில் வேலிக்குள் மான்கள், குழந்தைகளுக்கு விளையாட்டு இடம். மேஜை விரிப்பு போட்ட மேஜையில் உட்காராதீர்கள், அது பரிமாறுகிற பகுதி. வெறும் மரமேஜைதான் நமக்கு. குடிப்பதை மட்டும் அங்கேதான் வாங்கவேண்டும். பீர்தான் வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள், ஆப்பிள் சாறில் சோடா கலந்த அப்ஃபெல்ஷோர்லே வாங்குங்கள். கண்ணாடி மக்குக்கும் முன்பணம் இருக்கலாம், திருப்பிக் கொடுக்க மறக்கவேண்டாம்.

புளியோதரை, உருளைக்கிழங்குப் பொரியல், மோர் மிளகாய். இதுதான் என் ஏற்பாடு. புளிக்காய்ச்சலை சனிக்கிழமையே செய்து வைத்துவிட்டால் ஞாயிறு சோறு வடித்துக் கிளறவேண்டியதுதான். சாம்பார் வேண்டாம், கொட்டும். தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும். இடமில்லாவிட்டால் “இஸ்ட் ஹியர் ஃப்ராய்?”, அதாவது இந்த இடம் காலியா என்று கேட்டுவிட்டு யார் மேஜையிலும் உட்காரலாம். ஒருமுறை எதிரே இருந்த பெரியவர் கட்டம் போட்ட துணியை விரித்து முள்ளங்கியைச் சுருள் சுருளாக நறுக்கி உப்புத் தூவிக்கொண்டிருந்தார். எங்கள் டப்பா திறந்ததும் பெருங்காய வாசனை. “அது என்ன?” புளியைச் சொல்ல எனக்கு ஜெர்மன் வார்த்தை வரவில்லை. ஒரு கரண்டி வைத்தேன். முள்ளங்கிச் சுருள் எங்கள் தட்டுக்கு வந்தது. அந்த உப்பு முள்ளங்கி புளியோதரைக்கு அவ்வளவு பொருத்தம். இப்போது நானே நறுக்கிக் கொண்டுபோகிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. மாமனார், மாமியாரை இங்கிலீஷ் கார்டன் என்ற பெரிய பூங்காவுக்குக் கூட்டிப்போகும்போது கோடையில் ஷோன்ஃபெல்ட் புல்வெளிப் பக்கம் போகாதீர்கள். துணியே இல்லாமல் வெயில் காய்வார்கள், சட்டப்படி. சீனக் கோபுரத்துக்கு வடக்கே கூட்டிப்போங்கள். நான் தெற்கே கூட்டிப்போனேன்.

குளிர்காலம்

டிசம்பரில் சாயங்காலம் நாலரைக்குள் இருட்டிவிடும். ஞாயிறு பத்து மணிக்கு எழுந்தால் பகலே கிடையாது. அந்த மாதங்களுக்கு அருங்காட்சியகம். ஆல்ட பினகோதெக், பினகோதெக் டெர் மோடெர்னே, பிராண்ட்ஹோர்ஸ்ட் எல்லாம் ஞாயிறு 1 யூரோதான். ஓவியர் டியூரர் 1500-இல் தன்னையே வரைந்த ஓவியம் ஆல்ட பினகோதெக்கில் இருக்கிறது. என் மகள் “இவர் ஏன் நம்மையே முறைக்கிறார்?” என்று கேட்டுக்கொண்டு கால் மணி நேரம் அதன் முன்னாலேயே நின்றாள்.

குழந்தைக்கு ஞாயிறுதான் காய்ச்சல் வரும். 116117-க்கு அடித்தால் எந்த மருத்துவர் பணியில் இருக்கிறார் என்று சொல்வார்கள், உயிருக்கு ஆபத்து என்றால் 112. மருந்துக் கடைகளில் முறைவைத்து ஒன்று திறந்திருக்கும், எது என்று பூட்டிய கடைக் கதவிலேயே ஒட்டியிருப்பார்கள். 2.50 யூரோ கூட வாங்குவார்கள். வீட்டில் பாரசிட்டமால் சனிக்கிழமையே இருந்தால் நல்லது.

புது வருடக் காலண்டர் கிடைத்ததும் இரண்டு வியாழக்கிழமைகளைத் தேடுங்கள். ஈஸ்டருக்கு அப்புறம் வரும் கிறிஸ்து விண்ணேற்ற நாளும், ஃப்ரோன்லைஷ்னாம் என்ற கத்தோலிக்கப் பண்டிகையும் எந்த வருடமும் வியாழன்தான். வெள்ளி ஒருநாள் விடுப்பு எடுத்தால் நான்கு நாள். அலுவலகத்தில் இதற்கு அடிதடி, நான் டிசம்பரிலேயே எழுதிக் கொடுத்துவிடுவேன். ஒரு வருடம் அந்த நான்கு நாளும் ஹம் என்ற ஊரில் இருக்கும் காமாட்சி அம்பாள் கோயில் தேரும் ஒன்றாக வந்தது. ஜெர்மனியின் மேற்குப் பக்கம், தொழிற்பேட்டைக்கு நடுவே 2002-இல் குடமுழுக்கு கண்ட கோபுரம், ஈழத்தமிழர்கள் எழுப்பியது. தூரம் அதிகம், இதற்கு மட்டும் வேக வண்டி டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்னாடியே மலிவாக எடுத்துவிடுங்கள். போலீஸ்காரர் சாலையை மறித்து நிற்க, வெயிலில் தார்ச்சாலை மேல் வடம் பிடித்து வந்தார்கள், சிதறு தேங்காய் காலடியில் உருண்டது. கோயிலைச் சுற்றி வளையல், புடவை, வடை, பாத்திரம் என்று வரிசையாகக் கடை. ஞாயிற்றுக்கிழமை, அத்தனையும் திறந்திருந்தது. இவர் தேவையே இல்லாமல் இரண்டு எவர்சில்வர் தூக்குச்சட்டி வாங்கினார்.